சோம்பேறியைக் காணோம்

மலைப் பாதையின் பதினேழாவது வளைவில் கொழுந்தனின் கோட்டுப் பைக்குள் சென்ட் பாட்டில் உடைந்தது.

மனைவியின் பிறந்த நாளுக்கென்று வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று நெஞ்சோடு அணைத்து வைத்திருந்த பாட்டில். அடுத்த இரண்டு வளைவுகளுக்குள் பேருந்தின் பின்பாதிக் கூட்டம் முழுவதும் முன்பாதிக்கு வந்துவிட்டது. ஒரு குழந்தை விடாமல் தும்மியது.

"ஒரு வகையில நல்லதுதான் அண்ணி. ஜன்னல் சீட்டுக்கு யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க."

அண்ணி மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமலே பேசினாள். "உங்க அண்ணன் கிட்ட சொல்லி உங்களை வேற வேலைக்கு அனுப்பப் போறேன்."

"எந்த வேலைக்கு?"

"பூச்சி விரட்ட."

பதினோரு வருடம் காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கணக்குகளைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள். வேலையை விட்டுத் தனியாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, வாயாலேயே மூன்று வேலைகளை இழந்துவிட்டு, கணவனின் தம்பி உதவியாளனாக வந்து ஒட்டிக்கொண்டான். அவன் எல்லோர் முன்னாலும் "அண்ணி, அண்ணி" என்றதில் வழக்கு கொண்டுவருபவர்களும் அவளை அப்படியே அழைக்கத் தொடங்கினார்கள். எழுபது வயது வங்கி மேலாளர் ஒருவர்கூட, "அண்ணி, என் பெட்டகத்தைக் கண்டுபிடிச்சுக் குடுங்க" என்று அழுதிருக்கிறார்.

அன்று காலை ஆறு மணிக்கு வந்த தொலைபேசியை எடுத்தவன் கொழுந்தன்தான்.

"சோம்பேறியைக் காணோம்," என்றது ஒரு பெண் குரல்.

"கட்டில்ல பார்த்தீங்களா?"

"காபிங்க. காபியோட பேரு சோம்பேறி. சாயங்காலம் நாலு மணிக்குள்ள கிடைக்கலைன்னா நானூறு மரத்தை வெட்டிடுவாங்க. சீக்கிரம் வாங்க."

கொழுந்தன் அதற்கு மேல் சிரிக்கவில்லை.

தோட்டத்தின் வாசலில் காவல்காரர் கம்பியைத் தூக்கப் போனவர், பாதியில் நிறுத்தி, இரண்டடி பின்னால் போனார். கம்பத்தில் ஒரு பலகை தொங்கியது: சென்ட், பவுடர், வாசனை சோப்பு போட்டவர்கள் உள்ளே வரக் கூடாது.

"இது யாரோட சட்டம்?" அண்ணி கேட்டாள்.

"நாக்கு சாரோட சட்டம்மா. இங்க காபி ருசி பார்க்கறவரு. போன வருஷம் என் பொண்ணு நகத்துக்குச் சாயம் பூசிட்டு எனக்குச் சாப்பாடு கொண்டு வந்துச்சு. அவரு அங்க, அந்த ஓட்டுக் கட்டடத்துல இருந்து கத்தினாரு." அவர் காட்டிய கட்டடம் இருநூறு அடிக்கு அப்பால் மூடுபனியில் ஒரு யோசனை போல நின்றது. "இவரை விட்டேன்னா என் வேலை போயிடும்."

"முதலாளியம்மாதான் கூப்பிட்டாங்க."

"அப்போ சீக்கிரம் போங்க. காத்து இந்தப் பக்கம் அடிக்குது."

முதலாளியம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். சேறு படிந்த பூட்ஸ், பென்சில் செருகிய கொண்டை, தூக்கம் இல்லாத கண்கள். அலுவலகத்தின் ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, கொழுந்தனை வெளிப்புறத்தில் ஜன்னலோரமாக நிற்க வைத்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினாள்.

"மேற்குச் சரிவுல மட்டும் வளர்ற பழைய ரகம் அது. மத்த மரமெல்லாம் பழுத்து, பறிச்சு, மூட்டை கட்டி முடிச்சப்புறம் நாப்பது நாள் கழிச்சுத்தான் பழுக்கும். அதான் அந்தப் பேரு. வேற மலையில எல்லாம் நட்டுப் பார்த்தாங்க. வளருது, காய்க்குது. ஆனா ருசி வரல. இந்தச் சரிவை விட்டுப் போனா அதுக்குத் தான் யாருன்னே மறந்து போயிடும் போல."

"ஒரு வருஷத்துக்கு எவ்வளவு கிடைக்கும்?"

"நல்ல வருஷம்னா நாலு மூட்டை. இந்த வருஷம் ஒண்ணே ஒண்ணு."

"நானூறு மரத்துக்கு ஒரு மூட்டை," என்றான் ஜன்னலில் கொழுந்தன். "பேரு வச்சவருக்கு ஒரு மாலை போடணும்."

"என் தம்பியும் அதையேதான் சொல்றான்," என்றாள் அவள். "தோட்டத்துல பாதி அவனுது. சரிவை வெட்டிட்டு அதிகமா காய்க்கற புது ரகம் நடணும்ங்கறான். நாற்று எல்லாம் பையில ரெடியா இருக்கு, மழை அடுத்த வாரம் ஆரம்பிச்சுடும். கடைசியா ஒரு ஒப்பந்தம் போட்டோம். இன்னைக்கு நாலு மணிக்கு ஒரு வியாபாரி வராரு. நூத்துக்குத் தொண்ணூறு மார்க்குக்கு மேல போட்டார்னா சரிவு என்னுது, அவன் இனி வாயே திறக்கக் கூடாது. குறைஞ்சா நாளைக்குக் காலையில ரம்பம்."

"இப்போ மூட்டை காணோம்."

"மூட்டை இருக்கு. உள்ள இருக்கறது சோம்பேறி இல்ல. நேத்து சாயங்காலம் நாக்கு சார் மூட்டையைப் பிரிச்சு, கொஞ்சம் எடுத்து வறுத்தாரு. இன்னைக்குக் காலையில அஞ்சு மணிக்கு ருசி பார்த்தாரு. பக்கத்துலயே எங்க சாதாரண காபியையும் வச்சுப் பார்த்தாரு. ரெண்டும் ஒண்ணு. அப்படியே ஒண்ணு. யாரோ மாத்திட்டாங்க."

"நீங்க குடிச்சுப் பார்த்தீங்களா?"

"நான் பால் ஊத்தி மூணு ஸ்பூன் சக்கரை போட்டுக் குடிக்கற ஆளு. எனக்கு என்ன தெரியும்? அவரு சொன்னா சொன்னதுதான். முப்பது வருஷத்துல ஒரு தடவை தப்பினது கிடையாது."

கிடங்கில் குளிர்ந்த தானிய வாசம் வீசியது. கொழுந்தன் நுழைந்ததும் அது வீசுவதை நிறுத்திக்கொண்டது. மரப் பலகைமேல் தனியாக அந்த மூட்டை, வாய் பிரிந்து கிடந்தது. அண்ணி குனிந்து, அறுபட்ட நீல நூலை எடுத்தாள்.

"இது யாரு தைச்சது?"

"நான்தான். என் கையால," என்றாள் முதலாளியம்மா. "இந்த ஒரு மூட்டைக்கு மட்டும் நீல நூல். நேத்து அவரு அறுக்கறதுக்கு முன்னாடி பார்த்தேன், என் தையல் அப்படியே இருந்துச்சு. கிடங்குச் சாவியும் என் இடுப்பை விட்டு இறங்கல."

"அப்போ தைக்கறதுக்கு முன்னாடியே மாத்தியிருக்கணும். அதுவரைக்கும் யார் கையில இருந்துச்சு?"

அதுவரை, கொட்டை பொறுக்கும் பெண்களின் கைகளில் இருந்தது. நீண்ட மேசையின் இருபுறமும் பதினான்கு பெண்கள், இருபக்க ஜன்னல்களுக்கும் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். விரல்கள் தட்டச்சு செய்வதுபோல ஓடின. நல்லது இந்தப் பக்கம், நொறுங்கியது அந்தப் பக்கம். கொழுந்தன் வாசற்படியில் கால் வைத்ததும் பதினான்கு முகங்களும் ஒன்றாகச் சுளித்தன.

"யாருப்பா இது, பூக்கடையில விழுந்து எழுந்து வந்த மாதிரி?" என்றாள் மேசையின் தலைமாட்டில் இருந்த மேஸ்திரியம்மா. "நாக்கு சார் பார்த்தா உன்னை உரிச்சுக் காயப் போட்டுடுவாரு."

"என்னைப் பார்த்து இதுவரைக்கும் யாரும் பூவை நினைச்சது இல்லக்கா. ரொம்ப நன்றி."

"நான் எங்க பூவைச் சொன்னேன்? அழுகின பூவைச் சொன்னேன்."

மேசையே குலுங்கிச் சிரித்தது. சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, அண்ணி தன் உள்ளங்கையில் இருந்த பச்சைக் கொட்டைகளை நீட்டினாள். "இது என்னன்னு சொல்லுங்க."

மேஸ்திரியம்மா கண்ணால் பார்க்கவில்லை. கட்டைவிரலால் ஒரு கொட்டையைப் புரட்டினாள். "சோம்பேறி."

"நிச்சயமா?"

"நடுவுல இருக்கற கோடு நேரா போகாது. ஒருக்களிச்சுப் படுத்தவன் முதுகு மாதிரி வளைஞ்சிருக்கும். இந்த மேசையில வேற எதுக்கும் அப்படி இல்ல." சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். "எங்க இருந்து எடுத்தீங்க?"

"அந்த மூட்டையில இருந்துதான்."

"அதுலயா? அது மாத்தின மூட்டைன்னு நாக்கு சார் சொன்னாரே?"

"நீங்க இப்போதான் சோம்பேறின்னு சொன்னீங்க."

அவள் கொட்டையை மறுபடியும் தடவினாள். தயங்கினாள். இருபத்திரண்டு வருடப் பழக்கமுள்ள விரல், ஒரு நொடியில் தன்னையே சந்தேகப்பட்டது. "அப்போ... என் விரல்தான் தப்பு போல இருக்கும்மா. வயசாகுதுல்ல."

வெளியே வந்ததும் கொழுந்தன் கேட்டான். "அண்ணி, வியாதியே இல்லாதவங்களை எல்லாம் வியாதிக்காரங்களா மாத்தற டாக்டர் மாதிரி இருக்காரே இந்த நாக்கு! அப்படி யாருதான் அவரு?"

"வாங்க, பார்த்துடலாம்."

ஓட்டுக் கட்டடத்தின் உள்ளே வெள்ளைச் சுவர்கள், வெள்ளை மேசை, சுழலும் தட்டில் வெள்ளைக் கிண்ணங்கள். ருசிபார்ப்பவர் ஒல்லியான மனிதர். அறுபதைத் தாண்டியவர். தேய்த்த சட்டையின் எல்லாப் பொத்தான்களையும் போட்டிருந்தார். மேசைமேல் ஒரு வெள்ளிக் கரண்டியை வைத்துவிட்டு, துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவர்போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொழுந்தன் வாசலிலேயே நின்றான். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகக் கண்களைக்கூட மூடிக்கொண்டான்.

"உட்காருங்க தம்பி," என்றார் அவர். "நிக்கறதுக்கு என்ன இருக்கு? எல்லாம் முடிஞ்சு போச்சு."

பெஞ்சில் தன் பக்கத்திலேயே இடம் காட்டினார். கொழுந்தன் உட்கார்ந்தான். அரை மணி நேரம் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, அவருடைய கதையைக் கேட்டான்.

"முப்பது வருஷமா வெங்காயம் தொட்டதில்ல. பல் தேய்க்கறது உப்புல. என் வீட்டுக்காரி இந்த முப்பது வருஷமா வாசனை சோப்பைக் கையால தொட்டதில்ல. எல்லாம் இந்த ஒரு கிண்ணத்துக்காக. முதல் வாய் போட்டதும் மூடுபனி விலகி, சரிவு மொத்தமும் தெரியும் பாருங்க... இன்னைக்கு ஒண்ணுமே தெரியல. புளிப்பு இருக்கு, கசப்பு இருக்கு. மத்தபடி வெந்நீர். பக்கத்துக் கிண்ணத்துல சாதாரண காபி. அதே புளிப்பு, அதே கசப்பு. திருடினவன் நல்லா இருக்கட்டும். ஆனா அவனுக்கு அது என்னன்னு தெரியுமா? அவன் அதுல பால் ஊத்துவான்!"

"இதுக்கு முன்னாடி கடைசியா எப்போ ருசி பார்த்தீங்க?"

"மூணு வாரம் இருக்கும். நடுவுல பதினஞ்சு நாள் சளி, காய்ச்சல். எழுந்ததும் முதல் வேலையா இதுக்குத்தான் வந்தேன்."

அண்ணி தலையசைத்தாள். வேறெதுவும் கேட்கவில்லை.

களத்தில், ரம்பக்காரர்கள் இருவர் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்து ரம்பப் பற்களைக் கூர் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு பேசிக்கொண்டிருந்த நாற்பது வயதுக்காரன்தான் சின்ன முதலாளி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்காவின் அதே தாடை. முப்பதடி தள்ளி அண்ணியும் கொழுந்தனும் வரும்போதே முழங்கையால் மூக்கை மூடிக்கொண்டு கத்தினான்.

"மல்லி, சந்தனம், அடியில மட்டமான ஸ்பிரிட்! யாருய்யா நீ?"

"பிறந்த நாள் பரிசு சார்," என்றான் கொழுந்தன். "நீங்க கடைக்காரர்கிட்ட வேலைக்குச் சேரலாம். அவரு ஒரிஜினல்னு சொல்லி வித்துட்டாரு."

அண்ணி நேராக விஷயத்துக்கு வந்தாள். "மூட்டையை நீங்கதான் மாத்தினீங்கன்னு உங்க அக்கா நினைக்கறாங்க."

"தெரியும். சின்ன வயசுல பிஸ்கட் டப்பா காலியானப்பவும் அவ என்னைத்தான் பார்த்தா."

"யாரு தின்னது?"

"நான்தான். அது வேற." அவன் முகத்தில் ஒரு நொடி பத்து வயது வந்து போனது. "அண்ணி, நான் எதுக்குத் திருடணும்? மரமே எனக்கு ஆள் வச்ச மாதிரி வேலை செய்யுது. வருஷா வருஷம் குறையுது. நான் சும்மா உட்கார்ந்திருந்தா போதும். எனக்கு அந்த மரத்து மேல கோபம் இல்ல. ரெண்டு பிள்ளைங்களைப் படிக்க வைக்கணும். அழகைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்க எங்க அக்காவால முடியும், என்னால முடியாது."

"கடைசியா எப்போ குடிச்சீங்க?"

"நாலஞ்சு வருஷம் ஆச்சு. வெட்டப் போறதைக் குடிக்கக் கூடாது. அது சரிப்படாது."

மேற்குச் சரிவின் அடிவாரத்தில் அண்ணி ஒரு கல்லில் உட்கார்ந்தாள். மேலே நானூறு மரங்களும் மூடுபனிக்குள் இடுப்பளவு நின்றன. ஊருக்கு வழி தெரிந்தும் போக மனமில்லாதவர்கள்போல இருந்தன. மணி இரண்டே முக்கால்.

"தம்பிதான் அண்ணி," என்றான் கொழுந்தன். "அவ்வளவு நேர்மையா பேசறவனை நம்பவே கூடாது."

"கொழுந்தனாரே, இன்னைக்கு உங்க பக்கத்துல அரை மணி நேரம் சேர்ந்தாப்புல உட்கார்ந்தது யாரு?"

"நீங்க. பஸ்ல."

"நான் காசு குடுத்து டிக்கெட் வாங்கிட்டேன், இறங்க முடியல. வேற யாரு?"

கொழுந்தன் விரல் விட்டு எண்ணத் தொடங்கினான். காவல்காரர் ஓடினார். முதலாளியம்மா ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினாள். பதினான்கு பெண்கள் முகம் சுளித்தார்கள். சின்ன முதலாளி முப்பதடியில் கத்தினான். விரல் நின்றது. அவன் முகத்தில் சிரிப்பும் நின்றது.

"ஐயோ," என்றான் மெதுவாக. "நகச் சாயத்துக்கு இருநூறு அடி தள்ளி கத்தினவரு."

"ரெண்டு கிண்ணமும் ஒரே மாதிரி இருக்குன்னார். அதனால மூட்டை மாறிடுச்சுன்னு முடிவு பண்ணினார். அவரு கணக்குல தப்பே இல்ல. தன் மூக்கை மட்டும் கணக்குல சேர்க்கல. அவரு சொன்னதைக் கேட்டு மத்தவங்க எல்லாம் தன் கண்ணையும் கையையும் சந்தேகப்பட்டாங்க, அவ்வளவுதான்."

"அப்போ திருடனே இல்லையா? நான் அந்தத் தம்பியை ரெண்டு தட்டு தட்டலாம்னு ஆசையா இருந்தேனே."

"போய் மூணு கிண்ணம் எடுத்து மூடி போட்டு வைங்க. ஒண்ணுல சோம்பேறித் தூள், ஒண்ணுல உங்க கைக்குட்டை. மூணாவது காலியா இருக்கட்டும்."

ஓட்டுக் கட்டடத்தில் அவர்கள் மூவர் மட்டும் இருந்தார்கள். ருசிபார்ப்பவர் கண்களை மூடிக்கொண்டு, அண்ணி ஒவ்வொரு மூடியாகத் திறக்கத் திறக்க, வழக்கம்போல மூன்று முறை நீளமாக மூச்சை இழுத்தார். முதல் கிண்ணம். இரண்டாவது. மூன்றாவது.

"என்னம்மா விளையாடறீங்க?" என்றார், கண்ணைத் திறக்காமலே. "மூணும் காலிக் கிண்ணம்."

அவர் கண்ணைத் திறந்தார். முதல் கிண்ணத்தில் புதிதாக அரைத்த தூள். இரண்டாவதில் சென்ட் ஊறிய கைக்குட்டை. மூன்றாவதில் சுருண்டு கிடந்தது, மலை ஏறிய நாளின் முழு வியர்வையோடு, கொழுந்தனின் காலுறை.

அண்ணி கொழுந்தனை எரிப்பதுபோலப் பார்த்தாள். "காலியா வைக்கத்தானே சொன்னேன்?"

"சும்மா கிடக்குதேன்னு..." என்றவன் வாயை மூடிக்கொண்டான். வாழ்க்கையில் முதல் முறையாக, தானாகவே.

ருசிபார்ப்பவர் கைக்குட்டையை எடுத்து முகத்தில் வைத்து அழுத்தினார். பிறகு தூளை. பிறகு, யாரும் தடுப்பதற்குள், காலுறையையும். வெகுநேரம் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"இது நாறுமா?" என்று கேட்டார் கடைசியில்.

"ரொம்ப சார்," என்றான் கொழுந்தன். "என் பொண்டாட்டி இதைத் தனியா துவைப்பா."

அவர் மெல்லச் சிரித்தார். கண்ணில் மட்டும் நீர். "அப்போ சோம்பேறி அங்கேயேதான் இருக்கா? கிடங்குல?"

"அங்கேயேதான் இருக்கு. காணாமப் போனது வேற. சளியோட போனது சளி மாதிரியே திரும்பி வரலாம்னு சொல்லுவாங்க. மாசக் கணக்கு ஆகலாம்."

"மாசமா? இன்னும் அரை மணி நேரத்துல வியாபாரி வராரும்மா. அவரு வழக்கம் உங்களுக்குத் தெரியாது. வீட்டோட நாக்கு முதல்ல ருசி பார்த்து மார்க் எழுதி மடிச்சு வைக்கணும். அப்புறம் அவரு எழுதுவாரு. ரெண்டுக்கும் ரெண்டு மார்க்குக்கு மேல வித்தியாசம் இருந்தா, கரண்டியைத் துடைச்சுப் பைக்குள்ள வச்சுட்டுப் போயிடுவாரு. தன் காபியைத் தானே அறியாத தோட்டத்துல வாங்க மாட்டாராம்." அவர் வெள்ளிக் கரண்டியைத் துணியில் துடைத்தார். "நான் குத்துமதிப்பா ஒரு எண் எழுதலாம். முப்பது வருஷம் எழுதினதை எழுதலாம். எழுத மாட்டேன்."

"இந்த வீட்டுல வேற நாக்கு இருக்கா?"

அவர் தயங்கினார். பிடிக்காத சொந்தக்காரரைப் பற்றிச் சொல்பவர்போல முகத்தை வைத்துக்கொண்டார். "ஒண்ணு இருக்கு. என்னைவிட நல்லது. நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

அவர் யாரைச் சொல்கிறார் என்று தெரிந்ததும் முதலாளியம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "அவனா? வெட்டணும்னு ரம்பத்தோட நிக்கறவனா மார்க் போடப் போறான்? அதுக்கு நானே போய் ஒவ்வொரு மரமா தள்ளிடலாமே!"

"வேற ஆள் இருக்கா?" அண்ணி கேட்டாள்.

இல்லை.

நாலு மணிக்கு வியாபாரி வந்தார். உயரமானவர், குறைவாகப் பேசுபவர், தன் கரண்டியை மூக்குக்கண்ணாடிக் கூடுபோன்ற ஒரு பெட்டியில் கொண்டுவருபவர். மேசையில், வேண்டாவெறுப்பாக வந்து உட்கார்ந்த சின்ன முதலாளிக்கு ஐந்து கிண்ணம், வியாபாரிக்கு ஐந்து. இரண்டு வரிசையிலும் ஒரே இடத்துக் கிண்ணத்தில்தான் சோம்பேறி, மற்ற நான்கிலும் சாதாரண காபி. எது எதில் என்று கிண்ணத்தின் அடியில் மட்டும் எழுதியிருந்தது. கரண்டியில் எடுத்து, சத்தமாக உறிஞ்சி, பக்கத்தில் இருக்கும் தகர டப்பாவில் துப்பிவிட வேண்டும். விழுங்கக் கூடாது. விழுங்கினால் அடுத்த கிண்ணத்துக்கு நாக்கு மிஞ்சாது.

அறையில் உறிஞ்சும் சத்தமும் துப்பும் சத்தமும் மட்டும் மாறி மாறிக் கேட்டன. முதலாளியம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். ருசிபார்ப்பவர் மூலையில், தன் அறையிலேயே விருந்தாளிபோல உட்கார்ந்திருந்தார்.

சின்ன முதலாளி எழுதி, மடித்து, தள்ளினான். வியாபாரி தன் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவன் தாளைப் பிரித்தார்.

"எழுபத்தெட்டு, எழுபத்தொம்பது, எழுபத்தெட்டு, எழுபத்தொம்பது, எழுபத்தெட்டு." தாளை மடித்தார். "வீட்டுக்காரருக்கே எல்லாம் ஒண்ணா இருக்கு." கரண்டியைத் துடைக்கத் தொடங்கினார்.

முதலாளியம்மா திரும்பவில்லை. தோள் மட்டும் ஒருமுறை இறங்கியது.

"சார், ஒரு நிமிஷம்," என்றாள் அண்ணி. "எனக்குக் காபி தெரியாது. கிண்ணம் தெரியும். இவரு முன்னாடி அஞ்சு இருக்கு. நாலு முக்கால்வாசி நிரம்பியிருக்கு. நடுவுல இருக்கறது மட்டும் அடி தெரியுது."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். மூன்றாவது கிண்ணத்தின் அடியில் மண்டி மட்டும் கிடந்தது. அதிலும் கரண்டியால் வழித்த தடம்.

"அது... தாகமா இருந்துச்சு," என்றான் சின்ன முதலாளி.

"பக்கத்துல தண்ணி ஜாடி இருந்துச்சே சார்?" என்றான் கொழுந்தன் பணிவாக.

சின்ன முதலாளியின் காது சிவந்தது. பதில் தேடி அறை முழுவதும் சுற்றிய அவன் பார்வை, மூலையில் போய் நின்றது. ருசிபார்ப்பவர் எழுந்து வந்து, காலியான அந்தக் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் எடுத்தார். பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனார். பாதியில் நிறுத்தினார்.

"எனக்கு இந்த வருஷம் தெரியல தம்பி," என்றார். "மார்க் எல்லாம் வேண்டாம். எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

தாளில் பொய் எழுதுவது சுலபமாக இருந்திருக்கிறது. சின்ன முதலாளி தொண்டையைச் செருமினான்.

"நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்படின்னா?"

"முதல்ல ஆரஞ்சுத் தோல். உரிச்சதும் விரல்ல ஒட்டிட்டு இருக்குமே, அது. அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமே இல்ல. போயிடுச்சுன்னு நினைச்சேன். அப்போ திரும்பி வருது. தேன் மாதிரி. இல்ல, தேன் இல்ல. தேன்கூட்டு மெழுகு."

"மெழுகா? அப்போ மேல் வரிசைப் பழம். நிழல்ல பழுத்தது." ருசிபார்ப்பவரின் கண்கள் மூடியிருந்தன. "காயப் போட்டப்ப ரெண்டு நாள் வெயில் இல்லாம போச்சே, அது தெரியுதா?"

"தெரியுது. கடைசியில லேசா ஒரு கசப்பு. ஆனா அது இருக்கணும் சார். அது இல்லன்னா ரொம்ப இனிச்சுடும்."

"ஆமா," என்றார் அவர். "ஆமா. அதான்." கிண்ணத்தைக் கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

வியாபாரி கரண்டி துடைப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தார். "இப்போ மார்க் சொல்லுங்க," என்றார்.

வெளியே, கல்லில் ரம்பம் உரசும் சத்தம் கேட்டது. சின்ன முதலாளி ஜன்னலைப் பார்த்தான். அக்காவின் முதுகைப் பார்த்தான். பெரிய மூச்சு ஒன்றை விட்டான்.

"தொண்ணூத்தி மூணு."

வியாபாரி தன் தாளைத் திருப்பினார். மூன்றாவது கிண்ணத்துக்கு நேராகத் தொண்ணூற்றிரண்டு என்று இருந்தது.

முதலாளியம்மா திரும்பி, மேசையைப் பிடித்துக்கொண்டாள். தம்பியை அடிப்பதா கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் கை பாதியில் நின்றது. கொழுந்தன் கைதட்டப் போய், அண்ணியின் பார்வையில் பட்டு, தலையைச் சொறிந்துகொண்டான்.

சின்ன முதலாளி மட்டும் யாரையும் பார்க்கவில்லை. வியாபாரியின் தாளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, மறுபடியும் ஒருமுறை படித்தான். முகம் கடுகடுவென்று மாறியது. நாற்காலியை வியாபாரிக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"என்ன சார் இது, அநியாயமா இருக்கு! ஒரு மார்க்கை எங்க குறைச்சீங்க? சொல்லிட்டுத்தான் இங்க இருந்து எழுந்திருக்கணும்."